கண் பிடித்த சொல்லும் கை எழுதிய விடையும்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆங்கில இலக்கணத்தில் இந்தக் கோடிட்ட இடத்தைக் கொடுத்துப் பாருங்கள்: "ஹீ டேஷ் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ். நவ் ஹீ லிவ்ஸ் இன் சேலம்." 'லிவ்' என்ற வினையைச் சரியான டென்ஸில் போட வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளையே 'ஹேஸ் பீன் லிவிங்' என்று எழுதிவிடும். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "ஃபார் வந்திருக்கே மிஸ்." சரியான விடை 'லிவ்ட்'. அவர் மதுரையை விட்டு வந்தாயிற்று, இப்போது சேலத்தில் இருக்கிறார். அடுத்த வாக்கியத்திலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளை அந்த வாக்கியத்துக்குப் போகவே இல்லை. கண் 'ஃபார்' என்ற சொல்லில் போய் நின்றது, கை எழுதி முடித்தது.

இது இலக்கணம் தெரியாததால் வந்த பிழை இல்லை. அந்தப் பிள்ளைக்கு டென்ஸ் பன்னிரண்டும் அட்டவணையாகத் தெரியும். எஸ்டர்டே வந்தால் பாஸ்ட், நவ் வந்தால் 'ஐஎன்ஜி', எவ்ரி டே வந்தால் சிம்பிள் பிரசென்ட், சின்ஸும் ஃபாரும் வந்தால் 'ஹேஸ் பீன்' என்று கைடில் கட்டம் கட்டிப் போட்டிருப்பதை அது வரிசை மாறாமல் ஒப்பிக்கும். அந்தக் கட்டத்தைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, 35 மதிப்பெண் எடுக்குமா என்று கவலைப்படும் பிள்ளைக்கு அது ஒரு கைத்தடிதான். ஆனால் அந்தத் தடி டென்ஸோடு நிற்பதில்லை. ஒரு சொல்லைப் பிடித்து விடை எழுதும் பழக்கம் வாய்ஸ் (செய்வினை, செயப்பாட்டுவினை), ரிப்போர்டட் ஸ்பீச் (ஒருவர் பேசியதைச் செய்தியாக மாற்றிச் சொல்வது), சினானிம் (ஒத்த சொல்) என்று பரவி, கடைசியில் பாசேஜ், அதாவது கொடுத்த உரைப்பகுதியைப் படித்து விடை எழுதும் இடத்தில் வந்து விழுகிறது. அங்கேதான் 8 மதிப்பெண் ஒரே கேள்வியில் இருக்கிறது.

குறிச்சொல் எங்கே கைவிடும் என்று இன்னும் இரண்டு இடம் பார்க்கலாம். "சின்ஸ் இட் வாஸ் ரெயினிங், வீ ஸ்டேய்ட் அட் ஹோம்." இந்த சின்ஸ் நேரத்தைச் சொல்லவில்லை, காரணத்தைச் சொல்கிறது. "வென் ஐ வாஸ் எ சைல்ட், ஐ டேஷ் டு தி ரிவர் எவ்ரி டே." எவ்ரி டே இருப்பதால் 'கோ' என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். விடை 'வென்ட்'. வாக்கியத்தின் தொடக்கமே அது பழைய கதை என்று சொல்லிவிட்டது.

தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது

அந்த மதுரை வாக்கியத்துக்கே திரும்பி வருகிறேன். அதைத் தமிழில் சொல்லச் சொன்னால் எந்தப் பிள்ளையும் தவறு செய்யாது. "மதுரையில் பத்து வருஷம் இருந்தார், இப்போது சேலத்தில் இருக்கிறார்" என்றுதான் சொல்லும். "மதுரையில் பத்து வருஷமாக இருக்கிறார், இப்போது சேலத்தில் இருக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள், வாயே மறுக்கும். 'பத்து வருஷம்' என்பதற்கும் 'பத்து வருஷமாக' என்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த 'ஆக' என்ற ஒட்டுதான் ஆங்கிலத்தில் 'ஹேஸ் பீன்' செய்கிற வேலையைச் செய்கிறது: தொடங்கியது இன்னும் முடியவில்லை என்று சொல்கிறது. ஆக, பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்று நாம் மாதக்கணக்கில் அட்டவணை போட்டோமோ அந்த வேறுபாடு அதன் வாயில் மூன்று வயதிலிருந்தே இருக்கிறது. அதை ஆங்கில வடிவத்தோடு இணைத்துக் காட்டுவது மட்டும்தான் பாக்கி. இந்த இடத்தைப் புரிந்துகொண்டால் டென்ஸ் பயிற்சியின் முறையே மாறிவிடும்.

'ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்ற பிழை எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். தமிழில் "ஐந்து வருஷமாகப் படிக்கிறேன்" என்று நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம். பிள்ளை அதை அப்படியே 'ஆம் ஸ்டடியிங்' என்று மாற்றிவிடுகிறது. அதனால் கற்றுக்கொடுக்க வேண்டிய விதி ஒன்றுதான்: காலத்தோடு 'ஆக' ஒட்டி நிகழ்காலம் வந்தால், ஆங்கிலத்தில் அங்கே 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' உட்கார வேண்டும். சின்ஸா ஃபாரா என்ற குழப்பமும் இதிலேயே தீரும். 'இலிருந்து' என்று சொன்னால் சின்ஸ், 'ஆக' என்று சொன்னால் ஃபார். 2019இலிருந்து, திங்கட்கிழமையிலிருந்து, காலையிலிருந்து: சின்ஸ். இரண்டு நாளாக, ஆறு மாதமாக, வெகு நேரமாக: ஃபார். 'அவரை 2015இலிருந்து தெரியும்' என்பதற்கு 'ஹேவ் பீன் நோயிங்' என்று எழுதுகிறவர்களிடம், தமிழில் 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டால் போதும். நோ, லைக், பிலாங் போன்ற வினைகளுக்கு 'ஐஎன்ஜி' ஏன் ஒட்டாது என்பது அப்போதே விளங்கும். 'ஹேவ் நோன்' என்று தானே திருத்திக்கொள்ளும்.

பார்த்தேன், பார்த்திருக்கிறேன், பார்த்திருந்தேன் ஆகிய மூன்றும் சா, ஹேவ் சீன், ஹேட் சீன் ஆகிய மூன்றோடு பெரும்பாலும் நேராகப் பொருந்துகின்றன. "தாஜ்மகாலைப் பார்த்திருக்கிறேன்" என்று சொல்கிறவர், எப்போது என்று கேட்டவுடன் "போன வருஷம் பார்த்தேன்" என்று வினையை மாற்றிவிடுகிறார். ஆங்கிலமும் அப்படித்தான் மாற்றுகிறது. 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' ஏன் தவறு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

ஆனால் தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. அவற்றைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். 'போகிறேன்' என்ற ஒரே சொல் தினமும் போவதற்கும், இப்போது போய்க்கொண்டிருப்பதற்கும், நாளை போவதற்கும் நிற்கும். ஆங்கிலத்தில் தினசரி வழக்கத்துக்கு வேறு வடிவம் வேண்டும். அதனால் எழுதுவதற்கு முன் 'வழக்கமாக' என்ற சொல்லைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருந்தினால் 'கோ', பொருந்தாவிட்டால் 'ஆம் கோயிங்'. அதேபோல "சின்ன வயசில் தினமும் ஆற்றுக்குப் போவேன்" என்பது தமிழில் எதிர்கால வடிவம், பொருளோ பழைய வழக்கம். இதை 'வில் கோ' என்று எழுதும் பிள்ளைக்கு 'வென்ட்' அல்லது 'யூஸ்ட் டு கோ' என்று காட்ட வேண்டும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் வரக்கூடாது, பிள்ளை ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கடிதம், விளம்பரம், பத்தி எழுதும்போது அந்த வாதம் சரி. தமிழில் வாக்கியம் அமைத்துவிட்டு ஆங்கிலமாக்கினால் வினை கடைசிக்குப் போய்விடும். கோடிட்ட இடத்திலும் பிழை திருத்தத்திலும் வாக்கியம் ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளை அதைப் புரிந்துகொண்டதா என்பதுதான் சோதனை. புரிந்ததை மனதுக்குள் தாய்மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்க்க ஐந்து விநாடி போதும். அந்த ஐந்து விநாடியில்தான் பிள்ளை வாக்கியத்தை முழுதாகப் படிக்கிறது.

அட்டவணை தேவைப்படாத வாய்ஸ், அட்டவணை போதாத ரிப்போர்டட் ஸ்பீச்

இலக்கணப் பகுதியில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் ஐந்தில் மூன்றை எழுத வேண்டும். வாய்ஸ், ரிப்போர்டட் ஸ்பீச், நிறுத்தக்குறி இடுதல், வாக்கிய மாற்றம், சொற்களை வரிசைப்படுத்துதல் ஆகியவை அங்கே வரும். வாய்ஸுக்குக் கைடில் இருக்கும் நீண்ட அட்டவணை தேவையே இல்லை. விதி ஒன்றுதான்: முதன்மை வினை எந்த வடிவத்தில் இருந்ததோ அந்த வடிவத்தை 'பி' என்ற துணைவினை எடுத்துக்கொள்ளும், முதன்மை வினை மூன்றாம் வடிவத்துக்கு (ரைட், ரோட், ரிட்டன் என்பதில் ரிட்டன்) போய்விடும். 'ஆர் பில்டிங்' என்பதில் வினை 'ஐஎன்ஜி' போட்டிருக்கிறது. அதனால் 'பி' 'பீயிங்' ஆகும்: 'பீயிங் பில்ட்'. 'ஹேஸ் ரிட்டன்' மூன்றாம் வடிவம், எனவே 'ஹேஸ் பீன் ரிட்டன்'. 'வில் ரைட்' வெறும் வினை, எனவே 'வில் பி ரிட்டன்'. 'ரோட்' இறந்தகாலம், எனவே 'வாஸ் ரிட்டன்'. இதற்குப் பிறகு பார்க்க வேண்டியது ஒன்று மட்டும்: புதிய எழுவாய் ஒருமையா பன்மையா? 'தே ஆர் பில்டிங் எ ஹவுஸ்' என்பதை மாற்றும்போது 'எ ஹவுஸ் ஆர் பீயிங் பில்ட்' என்று பழைய 'ஆர்' ஒட்டிக்கொண்டு வருவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அரை மதிப்பெண்ணோ ஒன்றோ இதில்தான் போகும்.

ரிப்போர்டட் ஸ்பீச்சில் நவ் என்றால் தென், டுமாரோ என்றால் தி நெக்ஸ்ட் டே என்ற பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் பிழை குறைவு. பிழை விழுவது கேள்வி வாக்கியத்தில். 'வேர் ஆர் யூ கோயிங்?' என்பதை 'ஹீ ஆஸ்க்ட் மீ வேர் வாஸ் ஐ கோயிங்' என்று எழுதுவார்கள். தமிழில் கேள்விக்காகச் சொல் வரிசை மாறுவதில்லை. அதனால் ஆங்கிலக் கேள்வியில் 'ஆர்' முன்னே வர வேண்டும் என்பதை ஐந்தாம் வகுப்பிலிருந்து பாடுபட்டுக் கற்றிருக்கிறது பிள்ளை. இப்போது அதைத் திருப்பி எடுக்கச் சொல்கிறோம். ஏன் என்று சொன்னால் பிடித்துக்கொள்ளும்: கேள்வி கேட்டது அவன், நீ இப்போது செய்தி சொல்கிறாய். செய்திக்குச் செய்தி வரிசை: 'வேர் ஐ வாஸ் கோயிங்'. கேள்விக்குறியும் போய்விடும். தமிழிலும் இதற்கு ஒரு சோடி உண்டு. "'நான் நாளைக்கு வருகிறேன்' என்று சொன்னான்" என்பதும் "தான் மறுநாள் வருவதாகச் சொன்னான்" என்பதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், 'நான்' என்பது 'தான்' ஆவதும் 'நாளை' என்பது 'மறுநாள்' ஆவதும் ஆங்கிலப் பட்டியலுக்கு முன்பே நம்மிடம் இருப்பது தெரியும்.

பிழை திருத்தக் கேள்விக்கு 5 மதிப்பெண். அதிலும் தமிழ் இரு பக்கமும் வேலை செய்யும். 'ஒன் ஆஃப் தி பாய் ஆர்' என்ற வாக்கியத்தைப் "பையன்களில் ஒருவன்" என்று சொன்னவுடன் 'பாய்ஸ்' என்பதும் 'இஸ்' என்பதும் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். 'டிஸ்கஸ் அபவுட்' தவறு. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற நம் வழக்கு அந்த 'அபவுட்'டைக் கொண்டுவந்துவிடுகிறது. 'ரீச்' என்பதைச் 'சேர்' என்று படித்தால் "சென்னைக்குச் சேர்ந்தேன்" என்று 'டு' வந்துவிடும். 'அடை' என்று படித்தால் "சென்னையை அடைந்தேன்", 'டு' தேவையில்லை. 'சீனியர் தேன்' இல்லை, 'சீனியர் டு'. 'இருந்தாலும்' என்ற பொருள் தரும் 'தோ' போட்ட வாக்கியத்தில் மறுபடி 'பட்' வராது.

எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்பது

'எ' போடுவதா 'ஆன்' போடுவதா என்பதில் கண்ணை நம்பும் பிள்ளை கட்டாயம் ஏமாறும். யு உயிரெழுத்து என்று 'ஆன் யுனிவர்சிட்டி', எச் மெய்யெழுத்து என்று 'எ ஹவர்'. இதற்குத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. சொல்லை ஒலிப்படி தமிழில் எழுதிப் பார்க்கலாம். உயிரெழுத்தில் தொடங்கினால் ஆன், உயிர்மெய்யில் தொடங்கினால் எ. அவர் (எச் ஒலிக்காத அந்த 'ஹவர்'), ஆனஸ்ட், எம்.எல்.ஏ., அம்ப்ரெல்லா: ஆன். யுனிவர்சிட்டி, யூரோப்பியன், யூனிஃபார்ம், 'ஒன்' என்று எழுதினாலும் வாயில் வருவது 'வன்' என்பதால் ஒன்-ருபீ காயினும்: எ. ஒரே ஒரு எச்சரிக்கை. பேச்சுத் தமிழில் எகரத்துக்கு முன்னால் ஒரு யகரம் தானாக ஒட்டிக்கொள்ளும், எம்.எல்.ஏ. 'யெம்மெல்லே' ஆகிவிடும். அப்படி உச்சரித்தால் 'எ எம்.எல்.ஏ.' என்றுதான் விடை வரும். அதனால் எழுத்துக்கூட்டி, சுத்தமாக 'எம்' என்று சொல்ல வேண்டும்.

முன்னொட்டிலும் காதுதான் துணை. பாஸிபிள் என்பதற்கு முன் 'இன்' வந்தால் 'இம்பாஸிபிள்' ஆகிறது, லீகலுக்கு முன் 'இல்லீகல்', ரெகுலருக்கு முன் 'இர்ரெகுலர்'. மரம் என்பதோடு கள் சேர்ந்து மரங்கள் ஆனதைத் தமிழ் வகுப்பில் புணர்ச்சி என்று படித்த பிள்ளைக்கு இது புதிதே இல்லை. வரும் எழுத்துக்கு ஏற்ப நிற்கும் எழுத்து வளைகிறது. 'அன்' மட்டும் வளையாது. 'அன்பாப்புலர்' அப்படியே நிற்கும்.

சினானிமும் ஆன்டனிமும்

ஒரு மதிப்பெண் கேள்விகள் பதினான்கில் ஆறு இவை. புக் பேக் சொற்களையும் பாடத்தின் ஓரத்தில் இருக்கும் பொருள்களையும் சோடியாக மனப்பாடம் செய்வதே வழக்கம். சோடியாகப் படித்தவர் சறுக்கும் இடம் இது: 'தி டாக்டர் லுக்ட் கிரேவ்' என்ற வாக்கியத்தில் கிரேவுக்கு அடிக்கோடு. விடைகளில் டூம், சியர்ஃபுல், சீரியஸ், ஹெல்தி. கிரேவ் என்றால் கல்லறை என்று படித்த பிள்ளை 'டூம்' என்று எழுதும். அவசரத்தில் ஆன்டனிம் என்று நினைத்த பிள்ளை 'சியர்ஃபுல்' எழுதும். நான்கையும் ஒவ்வொன்றாக வாக்கியத்துக்குள் வைத்துப் படித்தால், டாக்டர் கல்லறையாகத் தெரிந்தார் என்று வந்து டூம் தானே விழுந்துவிடும். விழுந்த பிறகு மறுபடி கேள்வியின் தலைப்பைப் பார்க்க வேண்டும்: ஒத்த சொல்லா, எதிர்ச்சொல்லா? விடையின் குறியீட்டை மட்டும் எழுதாமல் சொல்லையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் விட்டுவிடக் கூடாது.

சொல்லைச் சேர்க்கும் நோட்டில் ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். சொல், அது பாடத்தில் வந்த வாக்கியம், அந்த வாக்கியத்தில் அதன் தமிழ்ப் பொருள், எதிர்ச்சொல். அவ்வளவுதான். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என மூன்று முறை பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும். திறந்துவைத்துப் படித்தால் தெரிந்த மாதிரியே இருக்கும், தேர்வறையில் வராது.

பாசேஜ்

எல்லாப் பழக்கமும் வந்து சேரும் இடம் இது. ஒரு விவசாயி மாட்டை விற்றார் என்று பாசேஜில் ஒரு வாக்கியம். மகளின் பள்ளிக் கட்டணத்துக்குத் திங்கட்கிழமை கெடு என்று அடுத்த வாக்கியம். 'ஒய் டிட் தி ஃபார்மர் செல் தி கவ்?' என்பது கேள்வி. ஃபார்மர், கவ் என்ற சொற்கள் இருக்கும் வாக்கியத்தைத் தேடிப்பிடித்து அதை அப்படியே எடுத்தெழுதும் பிள்ளை, "மாட்டை ஏன் விற்றார்?" என்ற கேள்விக்கு "மாட்டை விற்றார்" என்று பதில் சொல்லியிருக்கிறது. விடை ஒரு வரி தள்ளி இருந்தது. பாசேஜில் பெரும்பாலும் 'பிகாஸ்' இருக்காது. இருந்தால் கேள்வியே எளிதாகிவிடும் என்று கேள்வி எடுப்பவருக்குத் தெரியும்.

வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தில் பெரும்பகுதியைப் பாசேஜுக்குக் கொடுக்கலாம். மற்றவை எல்லாம் பழகிய கேள்விகள், அது ஒன்றுதான் அன்றைக்குப் புதிது. முதல் முறை கேள்விகளைப் பார்க்காமல் கதையாகப் படித்து, யார், எங்கே, என்ன நடந்தது என்று மனதுக்குள் தமிழில் இரண்டு வரி சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு கேள்விகள். எழுதத் தொடங்கியதும், விடை இருக்கும் வரிக்குப் பக்கத்தில் வினாத்தாளின் ஓரத்தில் கேள்வி எண்ணைப் பென்சிலால் போட்டு, அந்த வரிக்கு முன் வரியையும் பின் வரியையும் படிக்க வேண்டும். எழுதும்போது 'டிட் செல்' என்பது 'சோல்ட்' ஆக வேண்டும். 'ஹீ டிட் சோல்ட்' என்ற பிழை இங்கே சர்வசாதாரணம். பாசேஜில் 'ஹீ' என்று இருந்தால் விடையில் ஆள் யார் என்று எழுத வேண்டும். இதற்கு 15 நிமிடம் போதும். மூன்று மணி நேரத்தில் 100 மதிப்பெண் என்ற கணக்கில் அது கட்டுப்படியாகும்.

வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்வியிலும் இதே கவனம்தான். 'எ கிங்' என்று தொடங்கும் வாக்கியம் 'தி கிங்' என்ற வாக்கியத்துக்கு முன்னால் வரும். 'ஹீ' என்று தொடங்குவது, அந்த ஆளைப் பெயரால் சொன்ன வாக்கியத்துக்குப் பின்னால்தான் வரும். ஒரு ஊரில் ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு ஒரு மகள். பாட்டி கதை சொல்லும் வரிசை அது.

கடைசி இரண்டு வாரத்தில் தினம் ஒரு புது வினாத்தாள் போட வேண்டும் என்று பிள்ளைகள் தவிப்பார்கள். இரண்டு நாளுக்கு ஒன்று போதும். நடு நாளில், திருத்திய தாளை எடுத்து, தவறான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் தன்னை இழுத்துப்போன சொல் எது என்று எழுத வேண்டும்: ஃபார், எவ்ரி டே, கவ், கிரேவ். நான்கைந்து தாளுக்குப் பிறகு அந்தப் பட்டியலில் அதே ஏழெட்டுச் சொற்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அவற்றை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தேர்வு நாள் காலையில் படித்துவிட்டுப் போகலாம்.